மற்றவை

பள்ளத்தாக்கின் தெற்கு முனையில் பழைய கேரவன் ஒன்று.
உள்ளே ரேடார் திரை, மண்ணெண்ணெய் அடுப்பு,
மூன்று காந்தமானிகள், ஒரு பொட்டலம் காய்ந்த மீன்,
சீக்ருன் வோல்டன்.

பதினோராவது குளிர்காலம் இது.
அவள் கண்ணால் கண்டது நான்கு.
கேமரா கண்டது ஒன்றே ஒன்று.
அதன் நிறமாலையைப் பிரித்துப் பார்த்தாள்:
ஒரு கோடுகூட இல்லை.
சோடியம் இல்லை, ஆக்ஸிஜன் இல்லை,
சிவப்பிலிருந்து நீலம் வரை
வெண்ணெய் தடவியதுபோல் ஒரே வழுவழுப்பு.
யார் என்று கேட்டால்
ஆம் என்று பதில் சொல்லும் வெளிச்சம்.

ஆஸ்லோவில், பணம் தரும் குழு
காப்பி ஆறும்வரை கேட்டுக்கொண்டிருந்தது.
இந்தப் பக்க மலையில் துத்தநாகம்,
அந்தப் பக்கம் செம்பு,
நடுவே கந்தகம் கரைந்த ஆறு,
பள்ளத்தாக்கே ஒரு பேட்டரி என்றாள்.
பேட்டரி ஏன் பறக்கிறது என்றார்கள்.
மின்னூட்டம் ஏறிய தூசு என்றாள்.
தூசு ஏன் ஒரு மணி நேரம் அணையாமல் எரிகிறது என்றார்கள்.
அழுத்தத்தில் விரிசல் விடும் பாறை என்றாள்.
அப்போது நிலநடுக்கமானி ஏன் தூங்கியது?

தலைவர் கோப்பை மெதுவாகத்தான் மூடினார்:
"எது நடந்தாலும் தோற்காத கோட்பாடு, அம்மா,
எதையும் சொல்லவில்லை."
அவமதித்திருந்தால் பரவாயில்லை.
சரியாகச் சொல்லிவிட்டார்.

திரும்பிவந்து சலித்தாள்.
சாட்சியங்கள் முந்நூற்றுப் பன்னிரண்டு.
வெள்ளிக் கிரகம் தொண்ணூறு போயிற்று.
தரையிறங்கும் விமானம், வளைவில் திரும்பிய கார்,
ஊர் விளக்கு வயிற்றில் பட்டுப் பறந்த வாத்துக்கூட்டம்,
பனிவாரும் வண்டி ஓட்டும் குட்முண்டின்
மஞ்சள் சுழல்விளக்கு மட்டுமே நாற்பத்தொன்று.
கடைசியில் தங்கியவை பத்தொன்பது.

பத்தொன்பதும் ஒரே பொருளா?
சல்லடைக் கண்ணில் நுழையவில்லை என்பது தவிர
அவற்றுக்குள் என்ன உறவு?
எரிந்த, மிதந்த, இரண்டாய்ப் பிரிந்த,
நாய் குரைத்ததும் மறைந்த...
எல்லாம் பெயரெச்சங்கள்.
பின்னால் வரவேண்டிய பெயர்தான்
இன்னும் வந்து சேரவில்லை.

பிப்ரவரியில், வண்டியின் டீசல் உறைந்துபோக,
குட்முண்ட் கதவைத் தட்டினார்.
அவருக்கு வானத்தைப் பற்றிக் கவலையில்லை, சாலைதான்.
கையிடுக்கில் நகராட்சியின் பதிவேடு.
நேரம், வெப்பநிலை, கொட்டிய உப்பு எத்தனை கிலோ,
கடைசிக் கட்டம்: மற்றவை.

அவர் கால் காயவைக்கையில் அவள் புரட்டினாள்.
மற்றவை: சாலையில் காட்டுமான்.
மற்றவை: மரம் சாய்ந்தது.
மற்றவை: வெளிச்சம், மேற்கு மேட்டின் மேல், வழக்கம்போல்.
மற்ற இரவுகளிலெல்லாம்
பேனாவால் ஒரு சின்னக் கோடு.

இந்தக் கோடு,
பார்க்கவில்லை என்றா, இல்லை என்றா?

முதல்முறையாகக் கோபப்பட்டார்.
"பார்த்தேன். ஒன்றுமில்லை. அதனால்தான் கோடு.
பார்க்காத இரவு வெறுமையாக இருக்கும்."
காட்டினார்:
அம்மாவைப் புதைத்த மூன்று நாள்.
பல்வலி ஒரு வாரம்.

சீக்ருன் பேசவில்லை.
பதினோரு வருடமாக அவளுக்கு வந்த தொலைபேசி அழைப்புகள்
வெளிச்சத்தோடுதான் வந்தன.
இன்றைக்கு ஒன்றுமில்லை என்று சொல்ல
யார்தான் கூப்பிட்டார்கள்?

பதினேழு குளிர்காலத்துக் கோடுகளைக்
கணினியில் ஏற்ற ஏப்ரல் ஆயிற்று.
ஆற்றின் மேல் பனி கெட்டிப்படாத இரவுகளில்
ஏதோ லேசாகச் சாய்கிறது எண்.
அல்லது, அந்த இரவுகளில் குட்முண்ட்
மெதுவாக ஓட்டி அதிகம் பார்க்கிறார்.
இரண்டையும் எழுதிவைத்தாள். அடியில்,
குழு கேட்காமலே, ஒரு வரி:
ஆறு உறைந்த இரவில் மூன்று முறை வந்தால்
பேட்டரியை நானே கைவிடுவேன்.

அடுத்த நவம்பர். மைனஸ் பதினெட்டு. மேகமில்லை.
ஜன்னலில் படிந்த மூச்சைத் துடைத்துத் துடைத்து
நான்கு மணி வரை பார்த்தாள்.
எதிர்க்கரையில் மஞ்சளாய் ஒன்று
சுழன்று சுழன்று மேடேறியது.
கையசைத்தாள், அவருக்குத் தெரியாதென்று தெரிந்தே.

பேனாவை எடுத்தாள்.
கோடு.